ஆளும் பிரசையும்

அரசியல் விஞ்ஞான நூல்கள் அரசியல் யாப்பினை அரசுக்கும் பிரசைக்கும் இடையிலான ஓர் உடன்படிக்கை என்று அறிமுகஞ் செய்வது வழக்கம். அரசு இன்னின்னவற்றைச் செய்யலாம், இன்னின்னவற்றைச் செய்யலாகாது. பிரசைக்கு இன்னின்ன உரிமைகள் உண்டு, இன்னின்ன கடமைகள் உண்டு என அவ்வுடன்படிக்கை வரையறுக்கின்றது என்பர். முதலாம் வருடப் பரீட்சைக்கு இவ்விளக்கம் போதுமானது. நானும் அவ்வாறே எழுதித் தேறியவன்தான். ஆயின் எந்தவோர் உடன்படிக்கையிலும் முதற்கண் எழுப்பப்பட வேண்டிய வினா, அதன் வாசகம் யாது என்பதன்று. அதிற் கைச்சாத்திடும் தகுதியுடையோர் யாவர் என்பதேயாகும். அரசுக்கும் பிரசைக்கும் உள்ள உறவை யாப்பு நிர்ணயிக்கின்றது எனின், பிரசை யார் என்பதை நிர்ணயிப்பது யாது? அரசே அதனைத் தீர்மானிக்கும் எனின், ஒரு தரப்பு மறு தரப்பைத் தன் விருப்பப்படி தெரிந்தெடுத்துக்கொள்கின்றது என்றாகிவிடும். அத்தகைய ஒன்றினை உடன்படிக்கை என்று அழைத்தல் தகுமா?

மாத்தளை மாவட்டத்துத் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்த எனக்கு இவ்வினா நூல்களிலிருந்து வந்ததன்று. ஒரு தகரப் பெட்டியிலிருந்து வந்தது. எங்கள் லயத்து வீட்டில், அப்பாயியின் கட்டிலுக்கு அடியில் இருக்கும் அப்பெட்டியிற் சேலைகளுக்குக் கீழே சில காகிதங்கள் பொலித்தீன் உறையிற் சுற்றப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றுள் மிகப் பழையது, 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் என் பூட்டனார் செய்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை அறிவிக்கும் கடிதம். அவர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்கு மாறிய காலத்துக்குரிய வதிவுச் சான்று போதவில்லையாம். அடுத்தது, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் என் பாட்டனார் இந்தியப் பிரசாவுரிமை கோரி விண்ணப்பித்தமைக்கான சிட்டை. அவர்கள் புறப்படும் முறை வருவதற்குள் 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றுவிட்டது. கடைசிக் காகிதம், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அப்பாயி கைநாட்டிட்ட பிரகடனத்தின் பிரதி. 1946இல் இம்மாவட்டத்திலேயே பிறந்த அவர் தமது 57ஆவது வயதில் இலங்கைப் பிரசையானார். அதற்கிடைப்பட்ட காலம் முழுவதும் அவர் எந்நாட்டவர் என்று வினவினால், சட்டத்திடம் விடையில்லை.

இனி, சொற்களை நோக்குவோம். நமது நாட்டின் சட்டத் தமிழில் வழங்குஞ் சொல் பிரசாவுரிமை. தமிழகத்தில் வழங்குவது குடியுரிமை. இரண்டும் ஒரு பொருளன என்றே கொள்கிறோம். ஆயின் பிரசை என வழங்கும் வடசொல்லுக்கு மூலப் பொருள் மகவு, சந்ததி என்பதாம். அரசனின் மக்கள் என்ற பொருள் அதன் வழியே வந்தது. குடி என்பதன் அடியிலோ குடியிருத்தல், அதாவது ஓரிடத்தில் வாழ்தல் என்ற கருத்து நிற்கின்றது. முன்னையது 'நீ யாருக்குப் பிறந்தாய்?' எனக் கேட்கின்றது. பின்னையது 'நீ எங்கே வாழ்கிறாய்?' எனக் கேட்கின்றது. சொல்லாராய்ச்சியை அளவுக்கு மீறி நம்புதல் ஆபத்தானது என்பதை மறுப்பதற்கில்லை. குடி என்ற சொல்லுக்கே குலம் என்ற பொருளும் உண்டு; குடிப்பிறப்பைப் போற்றிய சமுதாயந்தான் நம்முடையதும். எனினும் பிரசாவுரிமை பற்றிய மெய்யியற் பிரச்சினை முழுவதையும் இவ்விரு வினாக்களும் சுருக்கமாக நம்முன் வைக்கின்றன என்பதில் ஐயமில்லை.

பழங்கிரேக்கத்தில் இதனை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் அரிஸ்டோட்டில். ஓரிடத்தில் வதிவதனால் மாத்திரம் ஒருவன் பிரசையாகிவிடுவதில்லை என்பது அவர் கருத்து. நீதி வழங்குவதிலும் பதவி வகிப்பதிலும் பங்குகொள்பவனே பிரசை. இவ்வாறு எழுதிய அவர் ஏதென்சுக்கு அந்நியர், ஸ்டாகிராவிற் பிறந்தவர், தமது வாழ்நாளின் பெரும்பகுதியை வாக்குரிமையற்ற வதிவாளராகவே அந்நகரிற் கழித்தவர். ஆனால் அவரே இன்னுமொன்றைக் கேட்கிறார். பெற்றோர் பிரசைகளாயிருந்தால் பிள்ளையும் பிரசை என்பர். சிலர் பாட்டன், பூட்டன் வரைக்கும் பின்னோக்கிச் செல்வர். அவ்வாறாயின் அந்த முதற் பூட்டன் எவ்வாறு பிரசையானான் என்பதே அவர் கேள்வி. 2300 ஆண்டுகளுக்கு முன்னர் எழுப்பப்பட்ட இவ்வினாவை 1948இல் நமது சட்டத்தை வரைந்தோர் கருத்திற் கொண்டதாகத் தெரியவில்லை.

சட்டத்திற்கு வருமுன் மாத்தளையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் உள்ள உறவு யாது என்ற கேள்வி இந்நகரில் ஒருமுறை குருதியால் எழுதப்பட்டது. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி விதித்தார். வீதிச் சட்டம் வயது வந்த ஆண்களை ஆண்டுக்கு 6 நாள் வீதியமைப்பு வேலை செய்யவோ அதற்கீடாகப் பணஞ் செலுத்தவோ பணித்தது. அவ்வாண்டு யூலை மாத இறுதியில் தம்புள்ளை விகாரையிற் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான். கிளர்ச்சியாளர் மாத்தளைக்குட் புகுந்தனர். ஒகத்து 8ஆந் திகதி வீர புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்துகொண்டிருந்த தென்னிந்தியத் தொழிலாளர் அக்காலத்தில் நடந்ததும் அதே வடக்கு வீதிதான். வழியில் மாண்டோர் பலர். கிளர்ந்தெழுந்த குடியானவனும் நடந்து வந்த கூலியும் ஒரே முடியின் கீழ்ப் பணியாட்களாகவே இருந்தனர். வரி வாங்குவதற்கும் வேலை வாங்குவதற்கும் ஒருவனைப் பிரசை என்று அழைக்க வேண்டிய தேவை அரசுக்கு இருக்கவில்லை. ஒருவனை ஆளலாம், ஆனால் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. குடியேற்ற ஆட்சி என்பதன் சாரம் இதுவே.

சுதந்திரம் என்பது இந்நிலை மாறுவதையே குறித்திருத்தல் வேண்டும். 1931 முதல் இந்நாட்டிற் சர்வசன வாக்குரிமை நடைமுறையில் இருந்தது. தோட்டத் தொழிலாளருட் பலரும் வாக்காளராயினர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 பேர் பாராளுமன்றஞ் சென்றனர். ஆயின் அப்பாராளுமன்றத்தைத் தோற்றுவித்த சோல்பரி யாப்பு, பிரசை யார் என்பதைக் கூறவேயில்லை. இம்மௌனத்தின் கனத்தை உணர்வதற்கு அயல்நாட்டின் யாப்பை அருகில் வைத்துப் பார்த்தல் நன்று. இந்திய யாப்பு 5ஆம் உறுப்புரை தொடக்கம் 11ஆம் உறுப்புரை வரை இவ்விடயத்தைப் பேசுகின்றது. அந்நாட்டை வதிவிடமாகக் கொண்டு, அங்கே பிறந்தவர், அல்லது பெற்றோரில் ஒருவர் அங்கே பிறந்தவர், அல்லது யாப்புத் தொடங்குவதற்கு முன் 5 ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வாழ்ந்தவர் இந்தியக் குடிமகன் என யாப்பே கூறிவிட்டது. பிற்காலத்தில் அங்கும் பாராளுமன்றம் அதிற் கைவைத்தது, இன்றும் வைக்கின்றது. எனினும் குடியரசு பிறந்த வேளையில் உள்ளேயிருந்தோர் யாவர் என்ற கணக்கு யாப்பினாலேயே தீர்க்கப்பட்டது. இங்கோ அக்கணக்கு சாதாரணச் சட்டத்திற்கும் அன்றைய பெரும்பான்மைக்கும் விடப்பட்டது.

அச்சாதாரணச் சட்டம் விரைவிலேயே வந்தது. 1948 நவெம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்த 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, அத்திகதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பதைப் பொதுவாக எவரும் கேட்கவில்லை. தாய்வழியாகப் பிள்ளைக்குப் பிரசாவுரிமை கிடைப்பதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறப்புகள் ஒழுங்காகப் பதியப்படாத மலைகளிற் பிறந்தவனிடம் தந்தையின் பிறப்புச் சான்றைக் கேட்பது, நீந்தத் தெரியாதவனிடம் அக்கரையில் வைத்துக் கடவுச்சீட்டைத் தருகிறேன் என்பதைப் போன்றது. என் பூட்டனார் இம்மாவட்டத்தில் பிறந்தவர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், காகிதத்திற்குத் தெரியாது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவின் மூலம் பிரசையாகும் வழியொன்றைத் திறந்தது. அதற்கும் விவாகமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமையை நிரூபித்தல் வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் உள்ளடங்கிய விண்ணப்பங்களிற் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. அதே 1949இன் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையைப் பிரசைகளுக்கு மாத்திரம் உரியதாக்கியது. 1952 தேர்தலில் அந்த 7 ஆசனங்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை.

இங்கு ஒரு விடயத்தில் நின்று சிந்தித்தல் அவசியம். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களை இயற்றிய பாராளுமன்றம் 1947இல் தெரிவு செய்யப்பட்டது. அதனைத் தெரிவு செய்தோருள் அச்சட்டங்களால் வாக்கிழந்தோரும் அடங்குவர். அதாவது, தமக்கு ஆணை வழங்கியோரின் ஒரு பகுதியினரை, அந்த ஆணையைக் கொண்டே, ஆணை வழங்கத் தகுதியற்றோர் எனப் பிரதிநிதிகள் தீர்மானித்தனர். சட்ட நோக்கில் இதிற் குற்றமில்லாதிருக்கலாம். ஒழுக்கவியல் நோக்கில் இதனை நியாயப்படுத்தும் தத்துவம் எதனையும் நான் இன்னமும் படிக்கவில்லை. மக்களின் இறைமை என்பது மக்களைத் தெரிந்தெடுக்கும் அதிகாரத்தையும் பிரதிநிதிகளுக்கு வழங்குமாயின், அது மக்களின் இறைமையன்று, பிரதிநிதிகளின் இறைமையே.

ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் லொக் இதற்குத் துணை வருவார் என்று சிலர் கருதக்கூடும். ஒரு நாட்டின் வீதியிற் செல்பவன்கூட அந்நாட்டின் சட்டங்களுக்குப் பணிவதற்கு மறைமுகமாகச் சம்மதிக்கின்றான் என அவர் எழுதினார். ஆனால் அம்மறைமுகச் சம்மதம் அவனை அச்சமுதாயத்தின் உறுப்பினனாக்காது, உறுப்பினனாவதற்கு வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்றும் எழுதினார். நல்லது. வெளிப்படையான சம்மதம் என்பதற்கு, 'இந்நாட்டிற் பிரசையாக வாழ விரும்புகிறேன்' என்று படிவம் நிரப்பிக் கையொப்பமிடுவதைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேறென்ன இருக்க முடியும்? இந்நாட்டின் பெரும்பான்மையான பிரசைகளிடம் எவரும் எக்காலத்திலும் அவ்வாறான சம்மதத்தைக் கேட்டதில்லை, பிறந்தார்கள், பிரசைகளானார்கள். எழுத்திற் சம்மதந் தந்தவர்கள் தோட்டத் தொழிலாளரே. அதனை ஏற்க மறுத்தது மறு தரப்பு.

சோல்பரி யாப்பில் இதற்கொரு பாதுகாப்பு இருந்ததாக நம்பப்பட்டது. 29(2)ஆம் பிரிவு, எந்தவொரு சமூகத்தவருக்கும் ஏனைய சமூகத்தவருக்கு இல்லாத குறைபாட்டை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது எனத் தடுத்தது. றுவன்வெலத் தொகுதியில் வாக்காளர் இடாப்பிற் சேர்க்கப்படாத கோடகன் பிள்ளை என்பவர் இப்பிரிவை ஆதாரமாகக் கொண்டு வழக்காடினார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவருக்குச் சார்பாக முடிவு செய்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. 1953இல் இலண்டனில் கோமறைக் கழகம் மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் பிரசைகள் யாவர் எனத் தீர்மானிப்பது எந்நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம்; வதிவும் பிறப்பும் இந்திய வமிசாவளித் தமிழரின் போக்குவரத்துப் பழக்கமும் பிரசையாவதற்கான தகுதியோடு தொடர்புடையவை; ஆகவே இது சமூகமொன்றின் மீது விதிக்கப்பட்ட குறைபாடன்று என்பது அத்தீர்ப்பின் போக்கு. சட்டத்தின் வாசகத்தில் எச்சமூகத்தின் பெயரும் இல்லை என்பது மெய்யே. ஒரு வாயிலை நாலடி உயரத்தில் அமைத்துவிட்டு, 'எவரையும் நான் தடுக்கவில்லை. வாயில் எல்லோருக்கும் ஒன்றே' என்று கூறலாம். நெடியவன் தலை முட்டினால் அது அவனது உயரத்தின் குற்றமாகிவிடும். அதிலும், 29(2)ஆம் பிரிவு காப்பது யாரை? சமூகத்தவரை. சமூகத்தவர் என்ற வட்டத்திலிருந்து ஒருவரைச் சட்டம் முதலில் வெளியேற்றிவிடுமாயின், பின்னர் அவரைப் பற்றி அப்பிரிவுக்குக் கூறுவதற்கு ஏதுமில்லை. வீட்டின் கதவுகளுக்கெல்லாம் பூட்டிருந்தது; வீடு எவருடையது என்ற உறுதி மாத்திரம் எழுதப்படாதிருந்தது.

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் கேட்டல் முறை. எல்லையற்ற நாடு எங்குமில்லை; உள்ளே வர விரும்புவோர் எல்லோரையும் ஏற்கும் கடமை எவ்வரசுக்கும் இல்லை. கண்டிப் பகுதிக் குடியானவனின் மனக்குறையும் கற்பனையன்று. 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம் உறுதியில்லாத காணிகளை முடிக்குரியனவாக்கிற்று. அவன் சேனை செய்த மலைகள் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. பிறகு அம்மலைகளில் அந்நியமொழி பேசுவோர் குடியேற்றப்பட்டதைக் கீழேயிருந்து அவன் பார்த்தான். உக்குவளையிலும் இரத்தோட்டையிலும் இன்றும் கிராமமும் தோட்டமும் வேலியொன்றின் இருபுறமாகவே இருக்கின்றன. எனது சிங்கள நண்பர்கள் சிலரோடு இதைப் பற்றி விடுதியில் நெடுநேரம் விவாதித்திருக்கிறேன். அவர்கள் கூறுவதில் உண்மையுண்டு. ஆனால் அக்காணியைப் பறித்தது முடி, விற்றது முடி, வாங்கியது கம்பனி. உழைத்தவனுக்கு அதில் ஒரு பேர்ச்சசும் உரித்தாகவில்லை. மேலும், எல்லையை வகுக்கும் உரிமை வெளியிலிருந்து வருவோர் தொடர்பானது. ஏலவே உள்ளே பிறந்து, உள்ளே உழைத்து, உள்ளேயே புதைக்கப்படுவோரை அவ்வுரிமையைக் கொண்டு வெளியே நிறுத்துதல் வேறொரு செயல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே கோமறைக் கழகத் தீர்ப்பின் மெய்யியற் குறை என எனக்குத் தோன்றுகின்றது.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி செய்யப்பட்ட ஒப்பந்தம் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இச்சங்கத்தின் வாசகர் நன்கறிந்தது. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது. விண்ணப்பிக்கும்படி மக்களிடம் கேட்கப்பட்டது உண்மை. ஆயின் எத்தனை பேர் எதனை விரும்பலாம் என்பது இரு தலைநகரங்களில் முன்னரே முடிவாகிவிட்டது. இந்தியாவுக்கு 7 பேர் எனின் இலங்கைக்கு 4 பேர் என்ற விகிதத்தை ஒருமுறை வகுப்பிற் கேட்டபோது, தோட்டத்திற் கொழுந்து நிறுக்கும் தராசுதான் என் நினைவுக்கு வந்தது. விருப்பமில்லாதவன் நாட்டை விட்டுப் போகலாமே என்போருக்கு டேவிட் ஹியூம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பதிலளித்துவிட்டார். பிறநாட்டு மொழியும் பழக்கமும் அறியாது, அன்றாடக் கூலியில் வாழும் ஏழைக்கு நாட்டை விட்டு நீங்கும் சுதந்திரம் உண்டு என்பது, தூக்கத்திற் கப்பலில் ஏற்றப்பட்டவனுக்குக் கடலிற் குதிக்கும் சுதந்திரம் உண்டு என்பதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்தின் சாரம்.

இனி யாப்புகளின் வாசகத்துக்கு வருவோம். 1972 மே 22ஆந் திகதி பிறந்த குடியரசு யாப்பு, 29ஆம் பிரிவைக் கைவிட்டு, முதன்முறையாக அடிப்படை உரிமைகள் என்றோர் அத்தியாயத்தைத் தந்தது. சட்டத்தின் முன் சமத்துவம் எல்லா ஆட்களுக்கும் உண்டு என்றது. ஆனால் சிந்தனைச் சுதந்திரம், மனச்சாட்சிச் சுதந்திரம், மதச் சுதந்திரம் ஆகியவற்றைப் பிரசைகளுக்கே உரித்தாக்கியது. நாடற்றவனுக்கு மனச்சாட்சி உண்டா என்பதை யாப்பு கூறவில்லை. உரிமை இல்லை என்பது மட்டும் தெளிவு. மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தன்று ஐந்து தேர்களின் வடம் பிடித்தோருள் எத்தனை பேர் அந்த ஆண்டுகளில் யாப்பின் நோக்கில் வழிபடும் உரிமையற்று இழுத்திருப்பர் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. எவரும் தடுக்கவில்லைதான். தடுக்கப்படாமையும் உரிமையும் ஒன்றல்ல.

1978இன் யாப்பு இவ்விடயத்தில் முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். 10ஆம் உறுப்புரை மனச்சாட்சியை எல்லா ஆட்களுக்கும் திருப்பியளித்தது. 11ஆம் உறுப்புரை எவரையும் சித்திரவதை செய்யலாகாது என்றது. வம்சாவளிப் பிரசை, பதிவுப் பிரசை என்ற வேறுபாட்டை 26ஆம் உறுப்புரை நீக்கியது. அதுவரை பதிவுப் பிரசை ஒருவர் தமது சான்றிதழ் இலக்கத்தை ஒவ்வொரு படிவத்திலும் எழுதி, தாம் இரண்டாந்தரமானவர் என்பதைத் தாமே அறிவித்துக்கொண்டிருந்தார். எனினும் அவ்வத்தியாயத்தை 'ஆள்', 'பிரசை' என்ற இரு சொற்களையும் அடிக்கோடிட்டுப் படித்துப் பார்த்தால் ஒரு புதுமை புலனாகும். இனம், மொழி, மதம் முதலியவற்றின் காரணமாகக் கடைக்குள்ளும் உணவுச்சாலைக்குள்ளும் செல்லவிடாது எந்த ஆளையும் தடுக்கலாகாது. ஆனால் அதே காரணங்களால் அரசு பாரபட்சங் காட்டலாகாது என்ற காப்பு பிரசைக்கே உரியது. பேசுதல், கூடுதல், தொழிற்சங்கம் அமைத்தல், விரும்பிய தொழில் செய்தல், விரும்பிய இடத்தில் வதிதல் ஆகிய 14ஆம் உறுப்புரையின் உரிமைகள் அனைத்தும் பிரசைக்கே. வேறெந்நாட்டுப் பிரசையுமல்லாது இங்கே நிரந்தரமாகவும் சட்டப்படியும் வதிந்தோருக்கு அவை 10 ஆண்டுகளுக்கு இரவல் தரப்பட்டன. 1988இல் அந்தத் தவணை முடிந்தது. அவ்வாண்டிலேயே ஒரு விசேட சட்டம் நாடற்றோருட் பெரும் பகுதியினரைப் பிரசைகளாக்கியது. இந்தியாவுக்கு விண்ணப்பித்துவிட்டுப் போகாதிருந்த எங்களைப் போன்ற குடும்பங்கள் மேலும் 15 ஆண்டுகள் வெளியே நின்றன.

'ஆள்' என்ற சொல் தோட்டத்திற்குப் புதிதன்று. விடியற்காலையிற் பெரட்டுக்களத்தில் எண்ணப்படுவது ஆள். மலைக்கு இத்தனை ஆள், பங்களாவுக்கு ஒரு ஆள் எனப் பிரிக்கப்படுவது ஆள். நாள் முழுவதும் உழைத்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மனிதனின் பெயர் கூலியின் அளவையாக மாறிய இடம் அது. யாப்பிலுள்ள ஆள் என்ற சொல் சித்திரவதையிலிருந்தும் தன்னிச்சையான கைதிலிருந்தும் மனிதனைக் காக்கும் உயரிய சொல் என்பதை அறிவேன். ஆயினும் அதனைப் படிக்குந்தோறும் கணக்கப்பிள்ளையின் செக்றோல் என் கண்முன் வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. இரண்டிலும் ஆள் என்பவன் பிறரால் எண்ணப்படுபவன், நடத்தப்படுபவன். நல்லபடி நடத்தப்படலாம், தீயபடி நடத்தப்படலாம். கணக்கைக் கேட்பவன் அவனல்லன். கணக்குக் கேட்பவனே பிரசை. ஹன்னா ஆரெண்ட் என்ற மெய்யியலாளர், தாமே பல ஆண்டுகள் நாடற்றவராக அலைந்தவர், ஏனைய உரிமைகளுக்கெல்லாம் முன்னால் நிற்பதோர் உரிமை உண்டு எனக் கண்டது இதனையே: ஒரு சமுதாயத்தில் அங்கம் வகித்து, தன் சொல்லுக்கும் செயலுக்கும் மதிப்புப் பெறும் உரிமை. அதனை இழந்தவனுக்கு மனித உரிமைகள் எஞ்சியிருக்கும் என்பது ஏட்டளவில் உண்மை. அவற்றை எடுத்துச் சென்று முறையிடுவதற்கு வாசல் இல்லை.

2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் அவ்வாசலைத் திறந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வமிசாவளியினரும் அவர்தம் சந்ததியினரும் ஒரு பிரகடனத்தின் மூலம் பிரசைகளாகலாம் என்றாயிற்று. சில நாள் முகாம்களிலேயே ஏறத்தாழ 190,000 பேர் பயனடைந்தனர். அப்பாயி முதன்முதலில் வாக்களித்தது 2005 நவெம்பர் சனாதிபதித் தேர்தலில். விரலில் இட்ட மையை எவரிடமும் காட்டாமற் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தார் என்று அம்மா கூறுவார். ஏன் மறைத்தார் என்று அவருக்கும் விளங்கவில்லை.

யாப்பு வழியாக வந்த உறவு இத்துடன் நிறைவுற்றது எனலாமா? நிறைவுறவில்லை என்பதற்கு என் கையிலுள்ள ஆதாரம் மிகச் சிறியது. ஒரு கடித உறை. பல்கலைக்கழக அனுமதி தொடர்பாக எனக்கு வந்த கடிதம் தோட்டத்து அலுவலகத்தில் 9 நாள் கிடந்து, பதிவுக்கு ஒரு நாள் எஞ்சியிருக்கையிலேயே என் கைக்கு வந்தது. எங்கள் லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லை. அரசு பிரசைக்கு எழுதுங் கடிதம் முதலில் தொழில் தருபவரின் மேசைக்குச் செல்கின்றது. அங்கிருந்து, நேரமுள்ளபோது, பிரசைக்கு வருகின்றது. யாப்பு அரசையும் பிரசையையும் நேருக்கு நேர் நிறுத்துகின்றது என்று நூல்கள் கூறும். எங்கள் மலையில் இருவருக்கும் நடுவே இன்னமும் ஒரு கட்டடம் நிற்கின்றது. பிரதேச சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிட இடமில்லை என்றே நெடுங்காலம் பொருள் கொள்ளப்பட்டது. வாக்கு மட்டும் கேட்கப்பட்டது. 2018இற் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அத்தடை நீங்கிற்று. தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழிற் பதில் பெறவும் யாப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகின்றது என்பதை, அலுவலகமொன்றில் வரிசையில் நின்றபோது ஓர் உத்தியோகத்தரிடம் பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. சிங்களப் படிவத்தைத் திருப்பி வைத்து, எந்தெந்தக் கோட்டில் எதை எழுத வேண்டும் என்று பென்சிலால் அடையாளமிட்டுத் தந்தார். நல்ல மனிதர். அவரது நற்குணம் இல்லாவிடினும் எனக்குக் கிடைத்திருக்க வேண்டியதே உரிமை எனப்படுவது. அன்று எனக்குக் கிடைத்தது அவரது நற்குணம்.

சென்ற விடுமுறைக்கு வீடு சென்றிருந்தபோது, இக்கட்டுரைக்காகத் திகதிகளைச் சரிபார்க்க அப்பெட்டியைத் திறந்தேன். பூட்டனாரின் நிராகரிப்புக் கடிதம் மடிப்புகளிற் கிழிந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. "அப்பாயி, இனி இது எதுக்கு? உங்களுக்குத்தான் ஐடின்டிக் கார்ட் இருக்கே, ஓட்டுப் போடுறீங்களே. இதப் போட்ருவமா?" என்று கேட்டேன். அவர் அக்காகிதத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, உறையிலிட்டார்.

"கெடக்கட்டும் சாமி. எந்த நேரத்துல எதக் கேப்பாங்கன்னு யாரு கண்டா" என்றார்.